அரைச் சுற்று

நீதிபதி தந்த தாளில்
லாரியைப் பற்றி ஒரே வரி:
வாரம் மாற்றி வாரம்.
பம்பின் பின்புற ஸ்க்ரூவை யார் தொடலாம் என்று
அவருக்கு எழுதத் தோன்றவில்லை.

ஞாயிறு சாயங்காலம், உயுனி தண்டவாளத்தோரம்
சாவியை முன் டயர்மேல் வைத்துவிட்டுப் போவான் ஃபெர்மின்.
நான் வரும்போது ஆள் இருக்கமாட்டான்.
என்ஜின் சூடு மட்டும் இருக்கும்.

பானெட்டைத் தூக்கி
லாக்நட்டைத் தளர்த்தி
அவன் உள்ளே திருகிய அரைச் சுற்றை
வெளியே எடுப்பேன்.
அவனுக்கு இழுவை வேண்டும்.
எனக்கு டீசல் கணக்கு.
என் அளவு தெரிய, தங்கை ஏதெல்வினாவின்
ஊதா நகப்பூச்சில் ஒரு கோடு இட்டிருந்தேன்.
மறுவாரம் அதற்குப் பக்கத்தில்
உளியால் வெட்டிய ஒரு கோடு.
வேறு கடிதப் போக்குவரத்து எங்களுக்குள் இல்லை.

கார்னிவல் செவ்வாயன்று
டயருக்கு பீர் ஊற்ற இருவரும் வந்தோம்,
அவன் காலையில், நான் மதியம்.
அன்று லாரி இரண்டு முறை குடித்தது.

பன்னிரண்டு டன் உப்பு.
பொத்தோசிப் பாதை நாலாயிரம் மீட்டருக்கு மேல் ஏறும்போது
காற்று என்று ஒன்று பெயருக்குத்தான் இருக்கும்.
அவன் வைத்த அளவில் போனால்
பின்னால் வரும் பஸ் கரும்புகையில் காணாமல் போகும்,
சூட்டு முள் எழுநூறைத் தாண்டிச் சிவப்பில் நிற்கும்.
என் அளவில் போனால்
இரண்டாம் கியரில் அழுதுகொண்டே ஏறுவேன்.
லாமா மந்தை ஒன்று
என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்திப் போயிருக்கிறது.

பிஸ்டன் உருகினால் என்ன ஆகும் என்று
எங்கள் இருவருக்குமே தெரியும்.
சேர்ந்திருந்த காலத்தில் ஒன்றை உருக்கியிருக்கிறோம்.
மேல்மாடிக்கு வைத்த பணம் அதில் போயிற்று.
தூணுக்காக விட்ட கம்பிகள்
இன்னும் மொட்டைமாடியில் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கின்றன.
அந்த வீட்டில் இப்போது வாடகைக்கு ஆள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு.
வாளித் தண்ணீர் உறைந்திருந்தது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தேன்.
ஸ்க்ரூ ஊதாக் கோட்டிலேயே இருந்தது.

நம்பவில்லை.
பம்பின் மேல்மூடியைக் கழற்றி
டயாஃப்ரத்துக்குக் கீழே நட்சத்திரச் சக்கரத்தைப் பார்த்தேன்.
ஒரு பல்கூட நகரவில்லை.
அப்புறம்தான் டர்போ பக்கம் டார்ச் போயிற்று.
வேஸ்ட்கேட் கம்பியில் மூன்று மரை
புதிதாய்ப் பளபளத்தது.
சுருக்கியிருக்கிறான்.
ஹோஸில் ஒன்றுக்கு இரண்டு கிளாம்ப்.

டீசலைத் தொடவில்லை படுபாவி.
காற்றைக் கூட்டியிருக்கிறான்.

மறுநாள் ஏற்றத்தில்
பூஸ்ட் முள் வழக்கமான பதினைந்தில் நிற்காமல்
பதினெட்டு, இருபது,
இருபத்திரண்டில் போய் உட்கார்ந்தது.
சூடு அறுநூற்றுச் சொச்சம்.
கண்ணாடியில் பார்த்தால்
புகை இருந்தது, ஆனால் அதன் வழியே பஸ் தெரிந்தது.
டிரைவர் கன்னத்தில் கோகா இலை அடக்கியிருப்பதுகூடத் தெரிந்தது.
மூன்றாம் கியர்.
டர்போ ஊளையிட்டது.
நானும் ஏதோ கத்தினேன்,
என்னவென்று இப்போது ஞாபகமில்லை.

உச்சியில் நிறுத்தினேன்.
ஃபோனை எடுத்தேன். அங்கே சிக்னல் உண்டு.
பேசவில்லை.
நகப்பூச்சை எடுத்து
கம்பியின் நட்டில் ஒரு கோடு போட்டேன்,
அவன் வைத்த இடத்திலேயே.

பிறகு தரையில் முதுகைக் கொடுத்துப் படுத்து
ஹெட் இணைப்பை விரலால் தடவிப் பார்த்தேன்.
நாலாம் சிலிண்டர் ஓரம் ஈரம்.
வியர்வை அளவுதான்.
இருபத்திரண்டு பவுண்டைப்
பழைய கேஸ்கெட் எத்தனை மாதம் தாங்கும்?
அதை அவன் யோசித்திருக்கமாட்டான்.
எதையுமே கடைசிவரை யோசிக்கிற ஆள் இல்லை.

அடுத்த ஞாயிறு சாவியை டயர்மேல் வைத்தேன்.
சீட்டில், உறை பிரிக்காத
புது ஹெட் கேஸ்கெட் ஒன்று.
அதன்மேல் பில்.
மொத்தத்தைச் சுழித்துப்
பக்கத்தில் பாதியை எழுதியிருந்தேன்.