ஏழாம் தட்டு

கறுவாத்தோட்டத்தில் மழை என்றால்
எங்கள் களஞ்சிய அறைக்குத்தான் முதலில் தெரியும்.
ஒழுகும் இடத்தில் வாளி வைத்து
போத்தல்களை ஒவ்வொன்றாய் நகர்த்தியபோது
ஏழாம் தட்டில், தாவரக் கட்டுகளுக்குப் பின்னால்
அது இருந்தது.

லேபிளில் மிச்சம்: மலைக்காடு. ஓடைக்கரை. ஆண்.
எந்த நாட்டு மலை என்பதைப்
பூச்சி தின்றுவிட்டது.

இலை என்றே நானும் நினைத்தேன்.
ஓரம் மடிந்த, நரம்போடிய,
மிதித்துவிட்டுப் போகக்கூடிய பழுப்பு.
பிறகுதான் இலைக்கு விரல்கள் தெரிந்தன.

"கொம்புத் தவளை" என்றான் நிஸ்ஸங்க.
"பெயர்தான் கொம்பு. வெறும் தோல்.
கண்ணிமை கொஞ்சம் கூராக நீண்டிருக்கு.
ஒருத்தரையும் முட்டாது.
கண் எங்கே என்று பிறத்தியாருக்குத் தெரியாமல் செய்யும்,
அவ்வளவுதான்."

பதிவேட்டைப் புரட்டினோம்.
எண்பதாம் ஆண்டுக் கணக்கெடுப்பில்
அவசரக்கார எழுதுவினைஞர் ஒருவர்
'இலை, ஒன்று, திரவத்தில்' என்று எழுதி
கையொப்பமும் வைத்திருக்கிறார்.
செத்த பிறகும் ஏமாற்றியிருக்கிறதே என்று
சிரித்தோம், வயிறு நோக.

சிரித்து முடிந்துதான் கவனித்தேன்:
இலைகளுக்கு யாரும் சாராயம் ஊற்றுவதில்லை.
போத்தலில் பாதிதான்.
நெஞ்சுக்கு மேலே தோல் காய்ந்து, கறுத்து,
எலும்போடு ஒட்டிக் கிடந்தது.

அப்பாவையும் இப்படி எழுதி வைத்திருந்தார்கள்.
எண்பத்துமூன்று ஆடி, நாரஹேன்பிட்டியில் ஒரு வீடு.
ஐந்து நாள்
விசாகப்பெருமாள் என்கிற மனிதர்
பியசேன. சமையற்காரன். ஊமை.
கதவை உதைத்து வந்தவர்கள்
பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு
அவரைத் தாண்டிப் போனார்கள்.
கப்பலேறி வடக்கே போய்,
இரண்டு வருடம் கழித்துத் திரும்பி,
அதே கந்தோர், அதே நாற்காலி.
பெயர் திரும்பக் கிடைத்தது. வேலையும்.
அந்த மூன்றாவது சொல்லை மட்டும் அழிக்க
ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.
சோற்றுக்கு உப்புக் காணாவிட்டாலும்
கையைத்தான் காட்டுவார்.

"திருத்தவா?" நிஸ்ஸங்க பேனாவைத் திறந்தான்.

நான் மூடியைத் திருகி, மெல்ல ஊற்றினேன்.
மணம் மூக்கில் ஏறியது.
வாயோரத்திலிருந்து ஒரு குமிழி
மேலே வந்து உடைந்தது.
ஆண் என்றால்
மழை இரவில் ஓடைக்கரையிலிருந்து
கூப்பிட்டிருக்கும். தொண்டை புடைக்க,
காடு முழுக்க.

"எழுது" என்றேன்.
"தவளை. ஆண். குரல் உண்டு."

குரல் உண்டு என்பதற்கு
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
விளிம்பில் எழுதினான்.

தாவரத் தட்டுக்கு ஏன் ஒன்றரைப் போத்தல் சாராயம் என்று
மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு கேட்கும்.
கேட்கட்டும்.
வாளி நிரம்பிவிட்டது, அதை முதலில் பார்க்க வேண்டும்.