ஐந்து பதிப்புகள் போதும்

லெபு பிஷப்பில் மாடி அலுவலகம்.
மேசைக்கடியில் ஹார்ட்டிஸ்க் முனகுகிறது.
பேக்கப் அமைப்பில் நான்தான் போட்டு வைத்தேன்:
கோப்புக்கு ஐந்து பதிப்புகள்,
ஆறாவது வந்தால் மூத்தது அழியட்டும்.

சூசைநாதர் உயிலில் இன்று மறுபடி திருத்தம்.
முதல் பதிப்பில் பட்டர்வொர்த் வீடு
தவமலருக்கு.
இரண்டாவதில் பாதி.
மூன்றிலிருந்து அவள் பெயரே இல்லை;
அப்புறம் மாறியதெல்லாம் காற்புள்ளிகள்,
ஒருமுறை அடையாள அட்டை எண்.

கையெழுத்துக்கு இன்றையது போதும்.
முதலாவதை யாரும் தேடப் போவதில்லை.
இரவு இரண்டு மணிக்கு
பேக்கப் ஓடும்,
அது போய்விடும்.

ஃபெர்ரிக்கு நேரமாச்சு.
பையைத் தோளில் மாட்டியபடியே குனிந்து
ஐந்தை அழித்து
ஆறு என்று தட்டுகிறேன்.

சேமிக்கவா என்கிறது.

சேமி.
வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.
வந்தால் ஏழு.