எஷ்டு

மூன்று தடவை தேதி மாற்றிய படம்.
கட்அவுட்டில் நாயகனின் நெற்றி
ஒரு மழைக்காலத்தில் வெளுத்துவிட்டது.
புதுசு செய்யப் பணமில்லை என்று
போன வருஷத்து முகத்துக்கே
இன்று காலை பால் ஊற்றினார்கள்.
ஐந்து பேர்,
நாலு மாஸ்க்.

நான் விநியோகஸ்தரின் ரெப்.
ஸ்ரீராமபுரத்தில், தண்டவாளத்தை ஒட்டிய தியேட்டரில்
தலை எண்ணுவது என் பிழைப்பு.
கிழித்த அடிக்கட்டையும் உட்கார்ந்த தலையும்
ஒத்துப்போக வேண்டும்.
ஒத்துப்போகாத இடத்தில்
யாரோ யாரையோ ஏமாற்றுகிறார்கள்,
முதலாளி சொல்லி அனுப்பியது அவ்வளவுதான்.

எண்ணூற்றுப் பன்னிரண்டு இருக்கை.
ஒன்றுவிட்டு ஒன்றில் சிவப்பு டேப்பால்
பெருக்கல் குறி போட்டோம்,
நானும் மேனேஜர் சித்தலிங்கப்பாவும்,
வியாழன் ராத்திரி முழுக்க.
டேப் தீர்ந்து கடைசி மூன்று வரிசைக்குச்
சணல் கட்டினோம்.
பாதியாகக் குறைப்பதற்குப்
பெருக்கல் குறி.
அவர் சிரித்தார், அல்லது
மாஸ்க் அசைந்தது.

இருநூறு கோடி என்கிறார்கள்.
யார் வாங்கிய வட்டி
யார் கழுத்தில் என்று எனக்குத் தெரியாது.
சென்னையிலிருந்து மணிக்கொரு தரம் போன்:
"எவ்வளவு?"
சித்தலிங்கப்பாவும் மணிக்கொரு தரம்
தன் போனில் கேட்பார்:
"எஷ்டு?"
பவுரிங் ஆஸ்பத்திரி வாசலில்
அவர் மகன் நிற்கிறான்.
உள்ளே அண்ணன்.
விரலில் மாட்டிய கிளிப்பில் தெரிவதை
நர்ஸ் சொல்லி மகன் சொல்லி
இவர் சத்தமாகத் திருப்பிச் சொல்வார்,
சத்தமாகச் சொன்னால் குறையாது என்பதுபோல.

காலைக் காட்சி. இடைவேளைக்கு முன்
நாயகன் எழுபது பேரை அடித்துப் போட்டான்.
விசில் இல்லை.
மாஸ்க்குக்குள் விசில் வராது.
கடைசிக்கு முந்தின வரிசையில் ஒருவர்
இருமினார்.
ஒரே ஒரு தரம்.
அத்தனை தலையும் திரையை விட்டு
என் பக்கம் திரும்பியது.
சொல்லக் கூடாது, ஆனால்
எண்ண அப்போதுதான் வசதியாக இருந்தது.
இருநூற்று முப்பத்தொன்று.
கண்கள் என்றால் அதில் இரட்டிப்பு.

மாட்னிக்கு நூற்று எழுபது வரை வந்தபோது
பக்கத்தில் சித்தலிங்கப்பா,
"தொம்பத்தொந்து" என்றார் போனில்.
எண்ணிக்கை கைநழுவியது.
அந்த நேரம் பார்த்துச் சென்னை.
"எவ்வளவுய்யா?"
"தொண்ணூற்றொண்ணு சார்."
அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
பிறகு, மெதுவாக, "மாட்னிக்கா?"
"இல்ல சார். அது வேற கணக்கு."

சனிக்கிழமை எண்பத்தாறு.
ஞாயிறு காலை எண்பத்தொன்று.
இது எந்தக் கணக்கு என்று
என்னை யாரும் கேட்கவில்லை.
வசூல் தாளின் ஓரத்தில்
பென்சிலால் எழுதிவைத்தேன்.

திங்கள் சாயங்காலம் கலெக்டர் ஆபீசிலிருந்து தாள் வந்தது.
நாளை முதல் பூட்டு.
இருந்தாலும் போட்டாக வேண்டும் கடைசிக் காட்சியை:
மூன்று பேர் டிக்கெட் வாங்கியிருந்தார்கள்.
சித்தலிங்கப்பா போனை எடுக்கவில்லை.
சட்டைப் பையில் அது
இரண்டு தரம் வெளிச்சம் காட்டி
அணைந்தது.
உள்ளே வந்தார்.
பதினோராவது வரிசையில்,
அவரே ஒட்டிய டேப்பின் மேல்
உட்கார்ந்தார்.

திரையில் நாயகனுக்குக் குண்டு பாய்ந்தது.
எழுந்துகொண்டான்.
மறுபடி பாய்ந்தது.
மறுபடியும் எழுந்துகொண்டான்.

நான் பின்னால் நின்று எண்ணினேன்.
நாலு தலை.
மூன்று அடிக்கட்டை.
சென்னை கூப்பிட்டது.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
அது ஓயும்வரை நின்றேன்.
முன்னாலிருந்து, திரும்பாமலே,
கேட்டார் அவர்:
"எஷ்டு?"