சொத்து எண்

உறையில் இருநூற்று எண்பது வெள்ளி.
ஆறு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம்,
சீட்டில் மிஞ்சியது,
அப்புறம் சீனப் புத்தாண்டுக்கு
வார்டு மேலாளர் தந்த அங்பாவ்.
அதை மட்டும் பிரிக்கவே இல்லை,
உள்ளே பத்துதான் என்று தெரிந்தும்.

சிம் லிம், நான்காம் மாடி.
கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு வைத்த கணினிகள்
மீன்தொட்டி மாதிரி
ஊதா, சிவப்பு, பச்சை என்று மாறிக்கொண்டிருந்தன.
அதில் ஒன்றின் விலைக்கு
என் வாடகை வீட்டில் ஒரு வருசம் இருக்கலாம்.
கைகட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

கோடிக் கடையில் இருந்தன பழையவை.
கறுப்புப் பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக,
பிரித்தெடுத்த பிறகும் ஆபீஸ் களை மாறாமல்.
கடைக்காரர் பெங் சூன்
கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார்.
"அனாக் பூன்யா?"
பிள்ளைக்கா.
"சயா பூன்யா."
எனக்கு.
கண்ணாடி மூக்குக்கு இறங்கியது.

எனக்குத்தான், அங்கிள்.
செவ்வாய், வியாழன், இரவு ஏழரைக்கு
தோ பாயோவில் கணக்குப்பதிவு வகுப்பு.
இடது பக்கம் பற்று. வலது பக்கம் வரவு.
என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள் பாடம் நடத்துகிறாள்,
வீட்டுப்பாடத்தைக் கைப்பேசியில் செய்யாதீர்கள் என்கிறாள்.
செய்து பார்த்தேன்.
கட்டங்கள் விரலுக்கடியில் எறும்பாய் ஓடின.
ஐந்நூறை ஐயாயிரமாக்கி
இல்லாத ஒரு கம்பெனியை
ஒரே இரவில் திவாலாக்கினேன்.

பெட்டி நூற்றெழுபது.
திரை எழுபத்தைந்து, மூலையில் ஒரு கீறல்.
"நாலு ஜிபி போதாது, அழுவும். எட்டு போடு, முப்பது."
கீபோர்டும் மவுசும் இருபது.
இருநூற்றுத் தொண்ணூற்றைந்து என்று
அவர் கால்குலேட்டர் காட்டுமுன் எனக்குத் தெரிந்துவிட்டது.
பதினைந்து.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அங்பாவைப் பிரித்து
அந்தப் பத்தையும் மேசையில் வைத்துவிட்டு
சும்மா நின்றேன்.
அவர் குனிந்து அட்டைப்பெட்டியைக் கிளறி
ஏ எழுத்து தேய்ந்துபோன ஒரு கீபோர்டை எடுத்தார்.
"இதுக்குக் காசு வேணாம். மவுசு அஞ்சு."

ரசீது எழுதும்போது பெட்டியைத் திருப்பினார்.
பின்பக்கம் பாதி உரிந்த நீல ஒட்டி:
சொத்து எண் 0417.
அந்த நீலம் எனக்குத் தெரியும்.
ஷென்டன் வே, பத்தொன்பதாம் மாடி,
விடியுமுன் நான்கு வருசம்.
மேலே மட்டும் துடை, வயரைத் தொடாதே
என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.
ஒருநாள் தூசி உறிஞ்சியின் வயர் எட்டாமல்
ஏதோ ஒரு செருகியைப் பிடுங்கினேன்.
யாருடைய ராத்திரி வேலையோ அழிந்துபோனது.
எச்சரிக்கைக் கடிதம் வந்தது.
படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

இதுதானா அது?
அந்த மாடியில் நூற்றிருபது பெட்டிகள் இருந்தன.
இல்லாமலும் இருக்கலாம்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டேன்.
திரை காலுக்கிடையில்.
பக்கத்தில் நின்ற பையன் எழுந்திருக்கச் சொல்லுமோ என்று
நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

புக்கிட் மேராவில், என் வீட்டில்
சுவருக்கு ஒரு செருகிதான் சரியாக வேலை செய்யும்.
சோறு பாதி வெந்திருந்தது.
பிடுங்கினேன்.
விசிறி உறுமி, ஒருமுறை இருமி,
உள்ளிருந்து கொஞ்சம் தூசியை என் முகத்தில் ஊதியது.
உள்ளே துடைக்கச் சொல்லி
யாரும் என்னிடம் சொன்னதில்லை.

கட்டங்கள் இப்போது நகராமல் நின்றன.
முதல் வரியில் என் பெயர், வசுமதி.
கம்பெனிப் பெயர் கேட்ட இடத்தில்.
அடுத்தது: கணினி, 280.
சொத்து. ஆகவே பற்று. ஆகவே இடது.
வலது பக்கம் ரொக்கம், 280.
இரண்டும் சரியாக நின்றன.

அப்புறம் கீபோர்டு.
காசில்லாமல் வந்ததை
எந்தப் பக்கம் எழுதுவது?
அரை வேக்காட்டுச் சோற்றைத் தின்றபடி
புத்தகத்தைப் புரட்டினேன்.
இல்லை.
செவ்வாய்க்கிழமை கேட்க வேண்டும்.