ஏழு றாத்தல் கழிவு

சுற்றறிக்கை வந்தது:
மூடிய தரிப்பிடங்களின் அசையும் சொத்துகளை
மூன்று பிரதிகளில் எழுதி அனுப்புக.
மருதஞ்சேனை எனக்கு விழுந்தது.

கந்தளாயில் பஸ்ஸை விட்டிறங்கி
ஆட்டோக்காரனிடம் பெயரைச் சொன்னேன்.
"அங்க கோச்சி நிக்காதே மிஸ்."
நிற்காதபடியால்தான் போகிறேன் என்றேன்.

வாய்க்காலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே
முப்பது யார் சீமெந்து மேடை, யானை இலத்தி, இரண்டு பியர் ரின்.
பெயர்ப்பலகையில் மூன்று மொழி.
இங்கிலீசில் ஓர் எழுத்துக் கூட.
தமிழில் 'ஞ்சே' இருந்த இடத்தில் துளைகள்;
துளைக்குள் குளவி மண் பூசியிருக்கிறது.

பழைய பதிவேட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தேன்.
முப்பத்தோராம் ஆண்டு, முதற் பக்கம்:
கைலாந்தர் இரண்டு, கொடி பச்சை ஒன்று சிவப்பு ஒன்று,
மணல் வாளி நாலு,
தராசு ஒன்று.
தராசுக்கு எதிரே சிவப்பு மையில்
"வெறுமனே ஏழு றாத்தல் காட்டும். கழித்துக்கொள்க.
க. கதிர்காமத்தம்பி, நிலைய அதிபர்."

திருத்தித் தரக் கேட்டுக் கொழும்புக்கு அவர் எழுதியவை
பதினொரு கடிதங்கள், நகல் இருக்கிறது.
பன்னிரண்டாவதுக்கு முன் யுத்தம் வந்துவிட்டது.
சீனன்குடாவில் குண்டு விழுந்த சித்திரையில்
பட்டணமே மேற்கே ஓடிக்கொண்டிருக்க
யாரோ ஒருத்தியின் தையல் மெசினை நிறுத்து
ஏழைக் கழித்து
கூலி வாங்கி ரசீது கொடுத்திருக்கிறார்.
அடிக்கட்டையில் அவர் கையெழுத்து நடுங்கவில்லை.

பிறகு நெல்.
பிறகு உதுமாலெப்பையின் தயிர்ச்சட்டிகள், வைக்கோல் பொதிந்து,
சனிக்குச் சனி இருபத்துநாலு.
ஓரத்தில், பென்சிலில்,
மருத்துவிச்சி அன்னப்பாக்கியம் தூக்கிவந்த குழந்தைகள்:
"சரக்கு அல்ல. கட்டணம் இல்லை.
பதின்மூன்று, கழி ஏழு, ஆறு."

அறுபத்துநாலு சூறாவளிக்குக் கூரை போய்
அறுபத்தெட்டில் தகரம் வந்தது.
எண்பத்துமூன்று ஆடியில் ஒரு வரி:
"பொயின்ற்ஸ்மன் ஹீன்பண்டா சாவிக்கொத்தை
மேசையில் வைத்துவிட்டுப் போயுள்ளார்."
போகச் சொன்னது யாரென்று இல்லை.
அதன் பின் பதினெட்டு மாதம் வேறு கையெழுத்து.
அதன் பின் வெள்ளை.

சிலிப்பர்க் கட்டைகள் பங்கருக்குப் போயின.
யாருடைய பங்கருக்கு?
"முதல்ல அவங்கட. பிறகு இவங்கட.
கட்டை ஒண்டுதான் மிஸ்."

புதுத் தண்டவாளத்தில் கொழும்புக் கோச்சி கடந்தது.
புகையே இல்லை. புகையிரதம் என்றுதான்
நாங்கள் இன்னும் கடிதத்தலைப்பு அடிக்கிறோம்.
ஜன்னலில் வடை தின்ற ஒருவன்
பலகையைப் பார்த்தான், வாசிக்கவில்லை.

லாந்தர் இல்லை. கொடி இல்லை. வாளி இல்லை, மணல் உண்டு,
அதற்குக் கட்டம் இல்லை.
தராசு இல்
என்று பேனை போனபோது
ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்தான்.
"தராசா? அது முள்ளிப்பொத்தானையில நிக்குது."

உதுமாலெப்பையின் பேரனின் நெல்லுக்கடை.
மூட்டைகளுக்கிடையே,
திணைக்கள முத்திரை பாதி தேய்ந்து, எண்ணெய் போட்டபடி.
"சண்டைக்குள்ள வாப்பா வண்டில்ல ஏத்திக் கொண்டந்த.
கேட்டு வந்தாக் குடுக்கச் சொன்ன.
ஒருத்தரும் வரல்ல."

நான் வந்திருக்கிறேன்.
தேத்தண்ணியும் வந்தது.
படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
உள்ளது, இல்லை, களவு போனது.
வெளியே ஒரு லொறி, நிறுக்க ஆள் காத்திருந்தது.

"ஏறிப் பாருங்களன் மிஸ்."
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.
மற்றவனுக்குச் சில்லறை எண்ணியபடியே
ஒரு விரலால் குண்டைத் தள்ளிச் சொன்னான்:
"நூற்றி முப்பத்தொண்டு. ஏழு போக
நூற்றி இருபத்துநாலு."

பதிவேடு என் கக்கத்திலேயே இருந்தது.
அதையும் கழிக்கச் சொல்ல வாயெடுத்தேன்,
லொறிக்காரன் அவசரப்பட்டான்,
இறங்கிவிட்டேன்.