இறப்புக்கான காரணம்

துருசுச் சாவிக் கயிற்றில் கிடந்த
அலுமினிய வளையத்தை
மார்கழிக் கணக்கெடுப்பில்தான் சுபவதனி கண்டாள்.
தொலைநோக்கியை அணைக்கட்டில் ஊன்றி
"ஊசிவால் வாத்து முன்னூற்றுப் பத்து,
எழுதுங்கோ அண்ணை" என்றவள்
பாதியில் நிறுத்தினாள்.
"இது எங்கால?"

எங்கால.
தொண்ணூற்று மூன்று மாரி.
மண்ணெண்ணெய் போத்தல் கணக்கு,
அரிசி சுண்டுக் கணக்கு.
வாய்க்கால் தலைப்பில் கண்ணி வைத்தேன்.
விடிய, ஒரு கால் சிக்கி
சத்தம் போடாமல் நின்றது.
வெட்டும்போது கத்தி
கணுக்காலில் கிர்ரென்றது.

எண்கள். இங்கிலீசு எழுத்து.
அந்த நாளில் எண் போட்ட எதுவும்
யாரோ ஒருவருக்குச் சொந்தம்.
பயந்தோம்.
குழம்பு பாட்டுக்குக் கொதித்தது.
ஐந்து பேர், ஒரு வாத்து,
சின்னவன் எலும்பையும் விடவில்லை.

மூன்று கிழமையில் பதில் வந்தது.
கோடிக்கரையில் மாட்டிய வளையமாம்.
வள்ளம் ஏற எங்களிடம் கேட்ட காசில்
ஒரு சதமும் கொடாமல்
சனமெல்லாம் அங்கே ஓடிய நேரம்
இங்கே பார்த்து வந்திருக்கிறது.

கூடவே ஒரு படிவம்.
கண்ட இடம்: பெரியவெளிக் குளம், அராலி.
கண்ட நாள்: மாரி, திகதி மறந்துபோச்சு.
இறப்புக்கான காரணம்:
பேனை நின்றது.
பசி என்று எழுதினேன்.
"தீனி இல்லாமல் செத்ததெண்டு நினைப்பினம்"
என்றாள் சுபவதனி.
முன்னால் இருந்த சின்ன இடைவெளியில்
எங்கட என்று நெருக்கி எழுதினேன்.

நேற்றுக் கமக்காரர் கூட்டம்.
தவநேசன் கடைசித் தண்ணி கேட்டான்.
பிந்தி விதைத்தவன்,
கதிர் பால் பிடிக்கிற நேரம்,
கேட்டதில் பிழையில்லை.
கிடப்பது இரண்டு முழம்,
ஒன்று தருவேன் என்றேன்.
"மற்றது வாத்துக்கோ?"
மண்டபம் சிரித்தது.
"குளம் உங்கட சீதனமோ?"
சாவியை மேசையில் வைத்தேன்.
யாராவது எடுத்திருக்கலாம்.
தவநேசன்தான் எடுத்தான்,
வளையத்தைக் கண்ணருகே பிடித்து
எண்ணை ஒவ்வொன்றாய் வாசித்துவிட்டு
என் பக்கம் தள்ளினான்.

இன்று விடிய துருசு திறந்தேன்.
கல்லில் கீறிய கோட்டைப் பார்த்தபடி
குந்தியிருந்தேன்.
நீர் இறங்க இறங்கச் சேறு தெரிந்தது,
உள்ளான்கள் முதல் ஆளாய் வந்தன.
வாத்துகள் நடுக்குளத்துக்கு ஒதுங்கின,
என்னை நம்பாமல்.
அதுவும் சரிதான்.

வரம்பில் நின்று தவநேசன் கூவினான்:
"அண்ணை, இன்னும் ஒரு சாண்!"
கேட்காததுபோல இருந்தேன்.
பிறகு
அரைச் சாண் கூட விட்டேன்.
சுபவதனியின் கொப்பியில்
அது இல்லை.