சத்தம் பிடிப்பவன்

என் வேலையைச் சொன்னால் கேப் டவுனில் சிரிக்கிறார்கள்.
கரூ பாலையில் வண்டியோட்டிச்
சத்தம் பிடிக்கிறேன்.
காதுக்குக் கேட்கிற சத்தமல்ல:
கசியும் மின்வேலி, மைக்ரோவேவ் அடுப்பு,
ஆட்டுப்பட்டியில் யாரோ ஒளித்துவைத்த கைபேசி.
அங்கே வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள்
வானம் எதையாவது போடுமென்று
ஏந்தி நிற்கின்றன.
அவற்றுக்குக் கேட்கவேண்டுமென்றுதான்
இங்கே ஒருவரும் பேசக்கூடாது.

வருவார்களா என்று கேட்டால்
டீசல் விலையைச் சொல்வேன்.
பக்கத்து நட்சத்திரத்திலிருந்தே
வெளிச்சம் நாலு வருஷம் நடந்து வருகிறது.
அத்தனை தூரம் வந்து இறங்கி
இந்த முள்ளையும் மெரினோ ஆட்டையும் கண்டால்
வழி தப்பிவிட்டதாகத் திரும்பிவிடுவார்கள்.

ஆனாலும் ஜூலை உறைபனியில்
எஞ்சினை அணைத்து நிற்கும்போது
பிடரி குறுகுறுக்கும்,
யாரோ என் வண்டி எண்ணைக்
குறித்துக்கொள்வதுபோல.

போன செவ்வாய் திரையில் ஒரு கோடு விழுந்தது.
இரவு ஒன்பதுக்குத் தொடங்கி
விடியலில் அறும்.
ஆய்வகத்து நொம்புலேலோ இரண்டு நாள் தூங்கவில்லை.
"ஏறி ஏறி இறங்குது, ஃப்ளோரிஸ்,
மூச்சு மாதிரி."

மூன்றாம் நாள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனேன்.
வறண்ட ஆற்றுத்தடம், இரண்டு கேட்,
சுற்றாத காற்றாலை,
பின்னால் ஒரு தகரக்கூரை.
கதவைத் திறந்தவள் மெர்லீன் ஒலிஃபான்ட்.
புருஷன் கம்பளி கத்தரிக்கப் போயிருந்தான்.
மேசைமேல் கையகல டப்பா, பச்சை விளக்கு.
உள்ளறையில் ஐந்து வாரக் குழந்தை.
முந்தையது தூக்கத்திலேயே போய்விட்டதாம்.
அதைச் சொல்லும்போது அவள்
என்னைப் பார்க்கவில்லை, டப்பாவைப் பார்த்தாள்.

பறிமுதல் சீட்டு நாலாய் மடிந்து
என் சட்டைப்பையில் இருந்தது.
காபி கொடுத்தாள். குடித்தேன்.
டப்பாவிலிருந்து உஸ் என்றது.
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையில்
இருவரும் கோப்பையைக்கூட நகர்த்தவில்லை.
மறுபடி உஸ்.

"உங்க ஆளுங்க வந்தாச்சா?"
முகட்டை நோக்கி முகவாயை உயர்த்தினாள்.
"இன்னும் இல்ல."
"வந்தா பகல்ல வரச் சொல்லுங்க.
இப்பதான் தூங்குது."

படிவத்தில் எழுதினேன்:
மூலம் கண்டுபிடிக்கப்படவில்லை.
நொம்புலேலோ அதற்கு ஒரு எண் கொடுத்திருக்கிறாள்.
ஏதோ ஒரு விண்மீன் மண்டலத்தின் ஓரத்தில்
பால் சிந்தின கறையாக
அது கோப்பில் கிடக்கிறது.
தினமும் ஆறு மணிக்குத் தரைவழித் தொலைபேசியில்
அழைத்துச் சொல்வாள்: "ராத்திரியும் வந்துச்சு."
நான் பல் தேய்க்கப் போவேன்.

நேற்று ஆறு ஆனது.
ஆறரை.
ஏழுக்கு நானே அழைத்தேன்.
"இல்ல, ராத்திரி ஒண்ணும் வரல.
போயிட்டாங்க போல," என்றாள், ஏமாற்றத்தோடு.

வண்டி எப்படிக் கிளம்பியதென்று நினைவில்லை.
முதல் கேட்டை மூடாமல் விட்டேன்.
இரண்டாவதில் இறங்கவேண்டியிருந்தது,
சங்கிலி கையில் ஒட்டியது.
தூரத்தில் தகரக்கூரை.
கொடியில் சின்னஞ்சிறு சட்டைகள்
பனியில் விறைத்து,
கைகளை அகல விரித்தபடி,
இப்போதுதான் எங்கிருந்தோ வந்து
இறங்கியவர்கள்போல.